ஒரு கோடுதான் வந்தது, மாதவிடாயும் வரவில்லை: மறுபடி எப்போது பார்ப்பது?

கேள்வி: எனக்கு 27 வயது, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கணவருக்குக் கத்தாரில் வேலை. ஒரு மாத லீவில் வந்து ஜூன் 26ஆம் திகதி திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கடைசியாக மாதவிடாய் வந்தது ஜூன் 5. சில மாதம் 28 நாளில் வரும், சில மாதம் 35 நாளும் ஆகும். ஜூலை 3ஆம் திகதி பாமசியில் கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கிப் பார்த்தேன், இல்லை என்று ஒரு கோடுதான் வந்தது. இன்று ஜூலை 8, இன்னும் மாதவிடாய் இல்லை. மார்பு நோகிறது, ஒரே களைப்பு, மீன் வெடுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு "முழுகாமல்தான் இருக்கிறாய்" என்கிறா. திரும்ப எப்போது பார்க்க வேண்டும்? விலை கூடிய கிட் வாங்க வேண்டுமா, இரத்தம் சோதிக்க வேண்டுமா?

பதில்: தங்கச்சி, ஜூலை 3ஆம் திகதிக் கோட்டை மறந்துவிடுங்கள், அது பார்த்த நாள் பிழை. ஜூலை 11 காலையில் ஒரு தடவை பாருங்கள். அப்போதும் ஒரு கோடு என்றால் 17ஆம் திகதி காலையில் இன்னொரு தடவை. 17இல் வருவதை முடிவான விடையாக எடுத்துக்கொள்ளலாம். ஏன் இந்த இரண்டு திகதிகள் என்று கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கணவர் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் என்னிடம் அதிகம் தடுமாறிக் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

எல்லோரும் மாதவிடாய் வரவேண்டிய நாளை வைத்து எண்ணுகிறோம். ஒழுங்காக 28 நாளில் வருகிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு 28க்கும் 35க்கும் இடையில் ஓடுகிறது. முட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வர ஏறக்குறைய 14 நாள் ஆகும், அந்தப் பின்பாதி பெரிதாக மாறாது. நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். இந்த மாதம் உங்களுக்கு 28 நாள் மாதமாக இருந்தால் முட்டை ஜூன் 19 அளவில் வெளியாகியிருக்கும். 35 நாள் மாதமாக இருந்தால் ஜூன் 26, அதாவது அவர் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வான் ஏறிய அன்று.

கரு உண்டான அன்றே ஸ்ட்ரிப்பில் தெரியாது. அது கருக்குழாய் வழியாக நகர்ந்து கர்ப்பப்பைச் சுவரில் ஒட்ட 6 முதல் 12 நாள் எடுக்கும், பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 10. ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி என்ற ஹோர்மோன் இரத்தத்தில் ஏறத் தொடங்கி, பிறகு சிறுநீரில் இறங்குகிறது. ஆரம்பத்தில் 2, 3 நாளுக்கு ஒரு தடவை அது இரட்டிக்கும். பாமசியில் கிடைக்கிற சாதாரண ஸ்ட்ரிப் ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லி அலகு அளவு வந்தால் காட்டும். ஜூன் 26இல் முட்டை வெளியாகியிருந்தால் ஜூலை 3 வெறும் ஏழாவது நாள். கரு இருந்தாலும் அது அநேகமாக இன்னும் சுவரைத் தொட்டிருக்காது, பிறகு ஸ்ட்ரிப் எதைக் காட்டும்?

ஜூலை 11 அன்று அதே கணக்கில் 15 நாள் ஆகிவிடும், உங்கள் மிக நீண்ட மாதமும் ஒரு நாள் கடந்திருக்கும். அப்படியானால் 17 எதற்கு? விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை இன்னும் சில நாள் பிந்தி வெளியாகியிருக்கவும் கூடும். அதனால்தான் மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்குக் கடைசி உறவு நாளில் இருந்து 21 நாள் என்று சொல்வோம். கணவர் கூட இருக்கிற பெண்ணுக்கு அந்தக் "கடைசி நாள்" நகர்ந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு அது பாஸ்போட்டில் முத்திரை குத்தியமாதிரி ஜூன் 26. 21ஐக் கூட்டினால் ஜூலை 17.

விலை கூடிய கிட் வேண்டாம். ஸ்ட்ரிப், சொட்டு விடுகிற பிளாஸ்டிக் கிட், எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிற வேலை ஒன்றுதான். அந்தக் காசுக்கு மலிவான ஸ்ட்ரிப் இரண்டாக வாங்கிவிடுங்கள். இரத்தப் பரிசோதனை ஓரிரு நாள் முந்திக் காட்டும், ஆனால் சும்மா நிச்சயப்படுத்துவதற்காக அதைச் செய்யத் தேவையில்லை. வலியோ இரத்தப்போக்கோ இருந்தாலும், முன்பு குழாயில் கரு தங்கிய அனுபவம் இருந்தாலும் அது வேறு கதை. அப்போது இரத்தத்தில் அந்த ஹோர்மோன் அளவு எப்படி ஏறுகிறது என்று பார்க்க நாங்களே எழுதித் தருவோம்.

ஸ்ட்ரிப் பார்ப்பதில் நடக்கிற பிழைகள் சின்னச் சின்னவை. முதலாவது சூடு. பக்கெற்றில் 2 முதல் 30 பாகை வரை வைக்கச் சொல்லியிருக்கும். கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் எங்கள் ஊரில் அலுமாரிக்குள்ளேயே அதைவிடக் கூடிவிடும், ஓட்டோவின் முன் தட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாங்கிவந்து வீட்டில் குளிர்ச்சியான, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், குளியலறையில் வேண்டாம். உறையைப் பார்க்கிற நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது, இரவு முழுக்கத் தேங்கியதால் ஹோர்மோன் அடர்த்தியாக இருக்கும். வெயிலுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு மத்தியானம் பார்த்தால் எல்லாம் கரைந்துபோகும்.

சுத்தமான, காய்ந்த கப்பில் பிடித்து, அம்புக்குறி கீழே பார்க்க, கோடு போட்ட அளவுக்கு மேலே நனையாமல் ஸ்ட்ரிப்பை விடுங்கள். பக்கெற்றில் சொன்ன விநாடி ஆனதும் எடுத்துத் தட்டையாக வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பாருங்கள். மேலே கட்டாயம் ஒரு கோடு வர வேண்டும், அது வராவிட்டால் ஸ்ட்ரிப் பழுது, வேறு எடுக்க வேண்டியதுதான். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும், நேரத்துக்குள் நிறத்தோடு வந்தால் கர்ப்பம் என்றே எடுங்கள். "அரைக் கர்ப்பம்" என்று ஒன்று இல்லை.

ஆனால் பத்து நிமிடம் தாண்டினால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒரு தடவை ஒரு பிள்ளை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் இரண்டு நாள் வைத்திருந்த ஸ்ட்ரிப்பை என் மேசையில் விரித்தா. ஜன்னல் பக்கம் பிடித்துச் சரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் கோடு. சிறுநீர் காய்ந்து விட்டுப்போன தடம் அது. அதை நம்பி வீட்டில் கேசரியும் செய்து முடித்திருந்தார்கள். அன்று புது ஸ்ட்ரிப்பில் ஒரு கோடுதான், மூன்றாம் நாள் மாதவிடாய் வந்துவிட்டது. யூடியூப்பில் வருகிற உப்பு, சீனி, பற்பசைச் சோதனைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நாடி பிடித்துப் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான்.

சரி, மாமி சொல்வது பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த அறிகுறிகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மார்பு நோவு, களைப்பு, வயிறு ஊதினமாதிரி இருப்பது எல்லாம் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹோர்மோன் செய்கிற வேலை. முட்டை வெளியான பிறகு எல்லா மாதமும் அது ஏறும், கர்ப்பம் தங்கினால் இறங்காமல் நிற்கும். அதனால் மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் கர்ப்பத்தின் முதல் வாரமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஓங்காளமும் சத்தியும் பெரும்பாலும் கடைசி மாதவிடாயில் இருந்து எண்ணி 5, 6ஆம் வாரத்தில் தொடங்கி, 9ஆம் வார அளவில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு வரவே வராது, அது குறையும் அல்ல. உங்கள் பட்டியலில் நான் கொஞ்சம் கவனித்தது மீன் வெடுக்கை மட்டும்தான். பிறந்ததில் இருந்து கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குத் திடீரென்று மீன் மணம் பிடிக்காமல் போவது புதினம்தான். அதுவும் சாட்சி ஆகாது, மாமியைப் போல எனக்கும் ஒரு சந்தேகம், அவ்வளவே.

17க்கு முன் இலேசாக இரத்தம் பட்டால் "வந்துவிட்டது" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வழக்கமான அளவு, வழக்கமான நாட்கள் என்றால் மாதவிடாய். துளித்துளியாய் ஒரு நாள், இரண்டு நாள் பட்டு நின்றுபோனால் ஸ்ட்ரிப் பார்க்கத்தான் வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நான்கு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் இரத்தம் படுகிறது, அவர்களில் பலருடைய கர்ப்பம் நல்லபடியாகவே போகும்.

ஒன்றை மட்டும் நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, தோள் முனையில் காரணமில்லாத நோவு, தலைசுற்றி மயக்கம், கூடவே இரத்தப்போக்கு. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில் தங்கினால் இப்படி வரும். நூறு கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு அப்படி அமைவதுண்டு, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரிப் என்ன காட்டினாலும், நடு இரவானாலும், 1990க்கு அடித்து அம்பியூலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதற்குக் காசு இல்லை. "விடியட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

முடிவான விடை வரும் வரை கர்ப்பம் இருக்கிறது என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். போலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்குங்கள், ஒரு நாளுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய் கருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிய வருவதே அந்த நேரத்தில்தான். சலரோகமோ வலிப்போ இருந்தால் கூடிய அளவு தேவைப்படலாம், சொல்லுங்கள். தலையிடி, காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் போடலாம், இபுபுரோபெனும் டைக்குளோபெனக்கும் வேண்டாம். பிரஷர், வலிப்பு, தைரொயிட் மருந்து ஏதாவது எடுப்பவர் என்றால் தானாக நிறுத்தாமல் டொக்டரைக் கேளுங்கள். பழுத்த பப்பாசிக்கும் அன்னாசிக்கும் பயப்படத் தேவையில்லை, காய்ப் பப்பாசியை விடுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றுவதைப் பற்றியும் கேட்பார்கள். சூடு அதிகமில்லாத கிணற்றில் இரண்டு வாளி ஊற்றினால் ஒன்றும் ஆகாது. உடம்புச் சூடு ஏறுகிற அளவுக்கு நீண்ட நேரம் சுடுதண்ணீரில் ஊறுவதுதான் ஆரம்ப வாரங்களில் கூடாது.

இரண்டு கோடு வந்தால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது, உங்கள் கணக்கில் அது ஜூலை 31. இரத்தப் பரிசோதனைகள், கர்ப்பிணிப் பதிவேடு, பிறகு திரிபோஷா சத்துமா எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஸ்கேனுக்கு அன்றைக்கே ஓட வேண்டாம். 5 வாரத்தில் ஒரு சின்னப் பை மட்டும் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது. துடிப்பைக் காணவில்லை என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு கிழமை முந்திப் போனவர்கள். வலி, இரத்தம் ஒன்றும் இல்லாவிட்டால் 8ஆம் வாரம் வரை பொறுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதை முன்கூட்டியே கணவரிடம் சொல்லி வையுங்கள். கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணுவது மருத்துவ வழக்கம், கரு உண்டாவதற்குச் சராசரி இரண்டு வாரம் முந்தியே கணக்குத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் மனைவிக்குக் கடைசி மாதவிடாய் 3ஆம் திகதி, கணவர் வந்து இறங்கியது 10ஆம் திகதி. ஸ்கேன் றிப்போட்டில் "6 வாரம்" என்று போட்டிருந்ததை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறா. அவர் அங்கே இருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் தான் வந்தே 5 வாரம்தான். மூன்று நாள் போன் எடுக்கவில்லை. கடைசியில் நான் ஒரு தாளில் திகதிகளை எழுதி, படம் பிடித்து அனுப்பித்தான் விளங்கவைக்க முடிந்தது. உங்களுக்கு 11ஆம் திகதி இரண்டு கோடு வந்தால் அன்று கணக்கு 5 வாரம் 1 நாள், பிள்ளைப்பேற்று நாள் மார்ச் 12 அளவில். முட்டை பிந்தி வெளியாகியிருந்தால் ஸ்கேனில் ஒரு வாரம் தள்ளி வரும், அதிலும் பயப்பட ஒன்றுமில்லை.

17ஆம் திகதியும் ஒரு கோடு என்றால் இந்த மாதம் கர்ப்பம் இல்லை. மாதவிடாய் பிந்தியதற்கு மனக்கவலை, நித்திரையின்மை, நிறை கூடினது குறைந்தது, தைரொயிட், சூலகக் கட்டிப் பிரச்சினை என்று பல காரணம் இருக்கலாம். அவர் போன கிழமையில் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஓகஸ்ட் நடுப்பகுதி வரை வராவிட்டால் வந்து காட்டுங்கள்.

மாமிக்கு 11ஆம் திகதி வரை ஒன்றும் சொல்ல வேண்டாம். ஸ்ட்ரிப்பையும் மாமிக்குத் தெரிந்த பாமசியில் வாங்க வேண்டாம், நகரப் பக்கம் போகிறபோது வாங்குங்கள். காலை ஐந்தரைக்குப் பார்த்தால் அப்போது கத்தாரில் மூன்று மணி. இரண்டு கோடு என்றால் எழுப்புங்கள், ஏச மாட்டார்.