பெட்ரோல் டேங்க்கின் ஆவிக் குழாய்கள்: கேள்வி பதில்

1998ஆம் ஆண்டு கார்புரேட்டர் கார் ஐயா. டேங்க்கைக் கழற்றி மாட்டினோம். கரி நிரப்பிய கருப்பு டப்பாவுக்குப் போகும் ஹோஸ்களில் எது எங்கே என்று தெரியவில்லை.

அந்த கேனிஸ்டரின் வேலை தெரிந்தால் குழப்பம் போய்விடும். டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்கிறது. வண்டி ஓடும்போது இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடுகிறது. எனவே ஒரு முனை டேங்க்குக்கு, ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று வெளிக்காற்றுக்கு. சிலவற்றில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்துக்கும் ஒரு முனை இருக்கும். பெரும்பாலும் ‘டேங்க்’, ‘பர்ஜ்’ (இன்ஜினுக்குப் போகும் முனை) என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள்; அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் டேங்க்கிலிருந்து ஹோஸைத் தடவிக்கொண்டே வாருங்கள். ஊகத்தில் மாட்டாதீர்கள். வழியில் சிறு வால்வு இருந்தால் அதன் திசையும் முக்கியம்.

தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் குழிக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

டேங்க் ஆவிக் குழாயில் போல்ட் செருகி அடைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

கூடாது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, சிறிது தூரம் ஓடிய கார் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து வீணாகச் செலவழிப்பவர்கள் உண்டு. மூடியிலுள்ள வால்வு காப்பாற்றும் என்பார்கள். இத்தனை வயதான வால்வை நான் நம்பமாட்டேன்.

எல்லாம் மாட்டிய பிறகு ஐடிலிங்கில் இன்ஜின் நடுங்குகிறது அண்ணா. அதே வகைக் கார்தான்.

பர்ஜ் ஹோஸைத் தவறான முனையில் மாட்டியிருக்கலாம். கார்புரேட்டர் கார்களில் அது பொதுவாக திராட்டில் தட்டுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) சற்று மேலுள்ள முனைக்குப் போகும். ஐடிலிங்கில் அந்த முனையில் விரல் வைத்தால் உறிஞ்சல் இருக்காது. ஆக்ஸிலரேட்டரை லேசாக ஏற்றினால் தெரியும். எப்போதும் உறிஞ்சும் முனையில் மாட்டினால் இன்ஜின் தேவையற்ற காற்றை இழுத்து நடுங்கும். எம்.பி.எஃப்.ஐ கார்களில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சுபவை) இதை மின்சார வால்வு கவனித்துக்கொள்கிறது.

சாதாரண ரப்பர் டியூப் போதுமா?

போதாது. பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ் வாங்குங்கள். 2023 முதல் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அதைத் தாங்குமா என்று கடையில் கேளுங்கள்.

டேங்க் நிரப்பினால் மட்டும் பெட்ரோல் வாடை வருகிறது.

பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்றபின் மேலும் ஊற்றச் சொல்லாதீர்கள். திரவம் கேனிஸ்டருக்குள் போய்விட்டால் கரி நனைந்து பயனற்றுப்போகும்.