மலை ஏறும்போது மகளுக்கு வாந்தி: இதயக் கோளாறா?

கேள்வி: போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ராயக்கோட்டை மலைக்கோட்டைக்குப் போனோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. பூரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதால் ஏற ஆரம்பிக்கவே 10 மணி தாண்டிவிட்டது. பாதி வழியில் மகள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், பிறகு வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டாள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லையா? இதயத்தில் கோளாறா, எக்கோ எடுக்க வேண்டுமா? மாமியார் கண் பட்டுவிட்டது என்கிறார். இனி பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகப் போகலாம். 10 மணிக்கு மேல் மட்டும் ஏறாதீர்கள்.

உயரம் காரணமில்லை. உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான். இதயத்தைப் பற்றியும் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக ஓடி விளையாடுகிறாளா? அப்படியானால் எக்கோ தேவையில்லை. ஓடும்போது மயங்கி விழுந்தது, நெஞ்சு வலி, உதடு நீலம் பூப்பது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாமியார் சொன்னதையும் முழுக்கத் தள்ள வேண்டாம். பட்டது கண் இல்லை, வெயில்.

நம் பக்கத்து மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறை. மேலே வெயில், கீழே பாறையின் அனல். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம், அதனால் வெளிச்சூட்டை வேகமாக வாங்கிக்கொள்வார்கள், வியர்வையோ குறைவு. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது ஒரு பக்கம். கிருஷ்ணகிரி கோட்டைப் படியில் என் மகன் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, ஊரை வேடிக்கை பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். கழுத்தைத் தொட்டால் கொதித்தது. தொணதொணவென்று பேசுகிற பிள்ளை மௌனமானால் அதுதான் முதல் அறிகுறி. தாகம் என்று அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே நிறுத்தி நாலைந்து மடக்கு குடிக்க வையுங்கள்.

அடுத்த முறை விடிந்ததும் ஏறி, 9 மணிக்குள் கீழே வந்துவிடுங்கள். பூரி வேண்டாம், இட்லியோ கேழ்வரகுக் கூழோ போதும். உப்புப் போட்ட நீர்மோர், வெள்ளரிக்காய் எடுத்துப் போங்கள். பாறையில் புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். கை தாங்கவில்லையென்றால் அன்றைக்கு மலை அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள். கோட்டை எங்கும் ஓடிப்போகாது.

மறுபடி வாந்தி வந்தால் நிழலில் உட்கார வைத்து, பத்து நிமிடம் எதுவும் தராமல் விட்டு, அப்புறம் ஓஆர்எஸ் கரைசலை நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடுவதை வாரத்துக்கு ஒரு தாயிடமாவது பார்க்கிறேன். உப்பின் அளவு கெட்டுவிடும். கடையில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு மாற்றில்லை. பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டாலோ அது வெப்பவாதம். வாயில் எதுவும் ஊற்றாமல் சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, துண்டால் விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று: தேள். சின்னவன் கல்லைப் புரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செந்தேள் கொட்டினால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலியோடு போய்விடும். குழந்தைகளுக்கு அப்படியில்லை. வாந்தி, குப்பென்று வியர்வை, கை கால் சில்லிடுவது தெரிந்தால் இதயம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். இதற்கு பிராசோசின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அதை மருத்துவமனையில்தான், ரத்த அழுத்தம் பார்த்துத் தருவார்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். பாம்புக்கடிக்கும் அதேதான்: கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏறும்போது சின்னவன் கால் வலிக்கிறது என்று அழுதால் அங்கேயே திரும்புங்கள். உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு படி இறங்குவதில்தான் இரண்டு பேரும் சேர்ந்து விழுகிறார்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. தலைவலி, வாந்தி, தூங்கி எழுந்தால் தெளிவு: குழந்தைகளுக்கு வரும் ஒற்றைத் தலைவலியும் இப்படித்தான் இருக்கும். வெயிலும் தூக்கக் குறைவும் அதைக் கிளப்பிவிடும். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ அந்தத் தலைவலி உண்டா? மலைக்குப் போகாத நாளிலும் மகளுக்கு இப்படி வந்தால் தேதி, நேரம், அன்று என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நோட்டில் குறித்து, குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். விடியற்காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுத்தால் மட்டும் நோட்டு, தேதி என்று காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.