மிதக்கும் கட்டையைச் சுற்றியுள்ள மீன்களை மாதிரி எடுப்பது எப்படி?

கேள்வி: ஆழ்கடலில் மிதந்து வரும் மரக்கட்டைகளையும் பாசித் திட்டுகளையும் சுற்றித் திரளும் மீன்களை ஆய்வு செய்கிறேன். கைவலையில் குஞ்சுகள்தான் சிக்குகின்றன. கண்ணெதிரே சுற்றும் பெரிய மீன்கள் அகப்படுவதில்லை. எந்த வலை சரியானது? எத்தனை மீன்கள் பிடித்தால் போதும்?

பதில்: உங்கள் கைவலையில் குறை ஒன்றுமில்லை. அது எட்டுகிற தூரத்து மீன்களை மட்டுமே அது காட்டும்.

இந்த மீன்கள் வளையம் வளையமாக வாழ்கின்றன. பொருளை ஒட்டி அரை மீட்டருக்குள் குஞ்சுகளும் பாசிக்குள் ஒளியும் சிறு மீன்களும் இருக்கும். அதிலிருந்து இரண்டு மீட்டர் வரை இன்னொரு கூட்டம். அதற்கும் அப்பால் சூரை, மாஹி மாஹி, பட்டுச் சுறா போன்றவை வட்டமிடும். மூன்றையும் ஒரே வலையால் அள்ள முடியாது. உங்கள் கேள்வி எந்த வளையத்தைப் பற்றியது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வலையை எடுப்பதற்கு முன் பாருங்கள். சற்றுத் தொலைவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, மூச்சுக்குழாயுடன் ஒருவரையோ நீருக்கடிக் கேமராவையோ இறக்கி, இனங்களையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். 1960களில் கூடிங், மேக்னசன் என்ற ஆய்வாளர்கள் பசிபிக் கடலில் மிதவை ஒன்றின் அடியில் பார்வை அறை அமைத்து, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தபடியே மீன்களின் வரவைக் கவனித்தார்கள். அந்தப் பொறுமைக்கு ஈடான கருவியை நான் இன்னும் கண்டதில்லை.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு: உங்கள் படகும் மிதக்கும் பொருள்தான். கட்டைக்கு அருகில் வெகுநேரம் நின்றால் மீன்கள் படகின் அடிக்கு இடம்பெயரும். பிறகு கட்டையைச் சுற்றி வலை விரித்து, "இங்கே மீனே இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். நெருங்கிய நேரத்தையும் வலை இறங்கிய நேரத்தையும் குறியுங்கள். படகின் அடியையும் பார்க்கத் தவறாதீர்கள்.

கட்டையை முதலில் தூக்குவது பெரும் பிழை. தூக்கிய கணமே மீன்கள் சிதறிவிடும். நுண்கண்ணி கொண்ட சிறிய சுருக்குமடி வலையால் பொருளையும் மீன்களையும் சேர்த்து வளைத்து, அடிப்பகுதியைச் சுருக்கிய பிறகே பொருளை வெளியே எடுங்கள். பாசித் திட்டானால் தொட்டி நீரில் அலசுங்கள். உள்ளே பதுங்கியவை அப்போதுதான் வெளிப்படும். வெளி வளையத்துக்குத் தூண்டில் உதவும். ஆனால் கிளாத்தி போல் இரையை முந்திக் கவ்வும் இனங்கள் அதில் மிகையாகத் தெரியும் என்பதால், தூண்டில் கணக்கை அடர்த்தி என்று கொள்ளாதீர்கள். சுறா மாட்டினால் அளந்து, உடனே விட்டுவிடுங்கள்.

எத்தனை மீன்கள் என்ற கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ஒரே கட்டையின் கீழ் 200 மீன்கள் கிடைத்தாலும் அது ஒரு மாதிரிதான். அவை ஒன்றையொன்று சார்ந்தவை. எத்தனை கட்டைகள் என்பதே கணக்கு. ஒவ்வொன்றின் நீளம், நீருக்குள் மூழ்கிய ஆழம், இருப்பிடம், நேரம், ஒட்டியிருக்கும் கொட்டலசுகளின் (ஓடு மூடிய சிறு கடலுயிர்கள்) வளர்ச்சி எல்லாம் பதிவாகட்டும். கட்டை எவ்வளவு காலம் மிதந்தது என்பதற்குத் தோராயமான குறிப்பு கொட்டலசுகளில் இருக்கிறது. கூடவே, பொருள் ஏதும் இல்லாத திறந்த நீரிலும் அதே வலையை அதே முறையில் இழுங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், மீன்கள் பொருளை நாடித் திரண்டன என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்காது.

பாதுகாக்கும் முறையைக் கரையிலேயே தீர்மானியுங்கள். வயதறியச் செவிக்கல் (மீனின் உட்செவியில் இருக்கும் சிறு கல்) தேவையென்றால் ஃபார்மலின் வேண்டாம். அதன் அமிலம் செவிக்கல்லைக் கரைத்துவிடும். மரபணு ஆய்வுக்கும் அது கெடுதல். இரண்டுக்கும் 95 சதவீத எத்தனாலோ உறைநிலையோ ஏற்றது. எந்தத் திரவமானாலும் மீன் சுருங்கும் என்பதால், நீளத்தைப் படகிலேயே, மீன் புதிதாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.