படிக்கட்டின் எந்தக் கோடு எந்தத் தாளில் தெரிய வேண்டும்?

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களில் வீட்டு வரைபடம் வரைந்து தரும் அன்பர்கள், ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர், ரெவிட் ஆகிய இரு மென்பொருள்களிலும் படிக்கட்டின் உறுப்புகளைத் தேவைப்படும் இடத்தில் காட்டுவதும் மறைப்பதும் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (கீழக்கரை): ஐயா, ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் ஒரு படிக்கட்டின் நோசிங் கோட்டை (படியின் முன்விளிம்பைக் காட்டும் கோடு) மறைத்தேன். அதே வரைபடத்தில் உள்ள மற்றப் படிக்கட்டுகளில் அக்கோடு அப்படியே நிற்கிறது. பிறகு மொத்த வரைபடத்துக்கும் மாற்றிப் பார்த்தபோது மற்றவை மாறின, முதலாவது மட்டும் மாறவில்லை. ஏன்?

பதில்: இந்த மென்பொருளில் ஒரு பொருளின் தோற்றத்தை மூன்று நிலைகளில் தீர்மானிக்கலாம். முழு வரைபடத்துக்குமான பொது அமைப்பு ஒன்று. அந்தப் படிக்கட்டு சார்ந்துள்ள ஸ்டைலுக்கான, அதாவது அதே வகைப் படிக்கட்டுகள் அனைத்துக்குமான, அமைப்பு இன்னொன்று. அந்த ஒரே படிக்கட்டுக்கு மட்டுமான அமைப்பு மூன்றாவது. ஸ்டைல் அமைப்பு இருந்தால் பொது அமைப்பு செல்லாது. தனிப் பொருளுக்கான அமைப்பு இருந்தால் மற்ற இரண்டுமே செல்லாது. நீங்கள் முதலில் மாற்றியது தனிப் பொருளை என்பதால், பின்னர் செய்த பொது மாற்றம் அதைத் தொடவில்லை. படிக்கட்டைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் வரும் 'எடிட் ஆப்ஜெக்ட் டிஸ்பிளே' என்பதைத் திறந்தால், எந்த நிலையில் மாற்றம் உள்ளது என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கும். 'ஆப்ஜெக்ட் ஓவர்ரைடு' கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் அது மற்றவற்றுடன் சேர்ந்துகொள்ளும்.

என் பரிந்துரை, பெரும்பாலான மாற்றங்களை ஸ்டைல் நிலையில் செய்வதே. உள்ளே ஏறும் கான்கிரீட் படிக்கட்டுக்கு ஒரு ஸ்டைல், மாடி வாடகைதாரருக்காக வெளியே வைக்கும் இரும்புப் படிக்கட்டுக்கு ஒரு ஸ்டைல் என்று பிரித்து வைத்துவிட்டால், தனிப் பொருளைத் தொட வேண்டிய தேவை அரிதாகவே வரும். அப்படித் தொட்ட கோப்பை வேறொருவர் திறந்து வேலை செய்யும்போது, ஒரு படிக்கட்டு மட்டும் ஏன் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று அவர் தேடி அலைய நேரிடும்.

கேள்வி (மண்டபம்): ரெவிட்டில் வரைகிறேன். சுவரின் மேற்பகுதியில் உள்ள வென்டிலேட்டர்கள் பிளானில் தெரிவதற்காகக் கட் பிளேனை (பிளானுக்காகக் கட்டடத்தைக் கிடையாக வெட்டிப் பார்க்கும் உயரம்) ஏழு அடிக்கு உயர்த்தினேன். உடனே, வெட்டு விழும் இடத்தைக் காட்டும் படிக்கட்டின் முறிவுக் குறி இரண்டாம் வரிசைப் படிகளுக்குத் தாவிவிட்டது. இரண்டையும் ஒரே தாளில் சரியாகக் காட்ட முடியாதா?

பதில்: முடியும். முதலில் என்ன நடந்தது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 3048 மில்லிமீட்டர் உயரம்; 20 ரைசர்கள் (படிகளின் செங்குத்து ஏற்றங்கள்); ஒவ்வொன்றும் ஏறத்தாழ 152 மில்லிமீட்டர்; பத்தாவது ரைசரில் லேண்டிங் (இரு வரிசைப் படிகளுக்கு இடையிலான மேடை) என்று வைத்துக்கொள்வோம். மெட்ரிக் டெம்பிளேட்டில் (மென்பொருளுடன் வரும் தொடக்கக் கோப்பு) கட் பிளேன் வழக்கமாக 1200 மில்லிமீட்டரில் இருக்கும். அது எட்டாவது ரைசருக்குச் சற்று முன்னால், முதல் வரிசையிலேயே விழுகிறது. நாம் பழகிய தோற்றமும் அதுதான். ஏழு அடியில் வெட்டினால் வெட்டு பதினான்காவது ரைசரில் விழுகிறது. முதல் வரிசை முழுவதும், லேண்டிங்கும், அதற்கு மேல் நான்கு ரைசர்களும் வெட்டுக்குக் கீழே வந்துவிடுகின்றன. மென்பொருள் தவறு செய்யவில்லை. கேட்ட உயரத்தில் வெட்டிக் காட்டியிருக்கிறது.

ஆகவே முழுப் பிளானுக்கான கட் பிளேனை 1200-க்கே திருப்பிவிட்டு, வென்டிலேட்டர் உள்ள சுவர்ப்பகுதியை மட்டும் சுற்றி ஒரு 'பிளான் ரீஜன்' வரைந்து, அதற்குள் மட்டும் வெட்டும் உயரத்தை ஏழு அடிக்கு மேலாக அமையுங்கள். ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் இதையே மறுபக்கத்திலிருந்து செய்யலாம்: படிக்கட்டின் டிஸ்பிளே அமைப்பில் உள்ள 'அதர்' பக்கத்தில், பொதுக் கட் பிளேனைப் புறக்கணித்துப் படிக்கட்டுக்கெனத் தனி உயரம் கொடுக்க இடமுண்டு. முறிவுக் குறியின் வகையை மாற்றுவதும் அதே பக்கத்தில்தான்.

கேள்வி (இராமேசுவரம்): தரைத்தளப் பிளானில் வெட்டுக்கு மேலுள்ள படிகளின் புள்ளிக்கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. படிக்கட்டுக்கு அடியில் கழிவறை இருப்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எதுவும் புரியவில்லை. மேலுள்ளவற்றை முழுவதுமாக அணைத்துவிடலாமா?

பதில்: முழுவதுமாக அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன அளவுகளின்படி லேண்டிங் 1524 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 150 மில்லிமீட்டர் சிலாபைக் கழித்தால் அதற்கடியில் நிற்க ஏறத்தாழ நான்கரை அடிதான் மிச்சம். அங்கே ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியாது என்பதைப் பிளானைப் பார்ப்பவருக்கு உணர்த்துவது அந்தப் புள்ளிக்கோடு ஒன்றே. அதை அணைத்துவிட்டால், தாளில் கழிவறை அழகாகத் தெரியும். கதவையும் கோப்பையையும் எந்த மூலையில் வைக்கலாம் என்பதை முடிவு செய்பவர் தலைக்கு மேல் இருப்பதை அறியாமலே முடிவு செய்வார்.

ரெவிட்டில் 'விசிபிலிட்டி கிராஃபிக்ஸ்' பட்டியலில் படிக்கட்டு வகையை விரித்தால், 'அபவ்' என்று தொடங்கும் உட்பிரிவுகள் தனித்தனியே இருப்பதைக் காண்பீர்கள். அவற்றில் ரைசர் கோடுகள், நோசிங் கோடுகள், அம்புக்குறி ஆகியவற்றை அணைத்துவிட்டு, வெளிவரம்புக் கோட்டை மட்டும் மெல்லிய புள்ளிக்கோடாக வைத்திருங்கள். நெருக்கம் தீரும், எச்சரிக்கையும் நிற்கும். கழிவறைக்கு ஒரு தனிக் குறுக்குவெட்டும் வரைந்து கொடுத்தால் கொத்தனாருக்கு மிகவும் உதவும்.

கேள்வி (தொண்டி): அப்படி அணைத்த பிறகும் இரண்டு இணைகோடுகள் மட்டும் போகவில்லை.

பதில்: அவை கைப்பிடிக் கம்பிகள். இரு மென்பொருள்களிலும் கைப்பிடி தனிப் பொருள். ரெவிட்டில் அதற்கென 'ரெயிலிங்ஸ்' என்ற வேறு வகையும், அதற்குள் தனி 'அபவ்' பிரிவுகளும் உண்டு.

கேள்வி (பாம்பன்): படிக்கட்டை எக்ஸ்ப்ளோடு செய்து, அதாவது தனித்தனிக் கோடுகளாக உடைத்து, வேண்டாத கோடுகளை அழித்துவிடுவது எளிதல்லவா?

பதில்: அந்த நிமிடத்துக்கு எளிது. தள உயரம் ஆறங்குலம் கூடினால், படிகளின் எண்ணிக்கையை மென்பொருள் மறுபடி கணக்கிடாது. நீங்கள் கையால் வரைய வேண்டும். வீட்டுக்காரர் உயரத்தை மாற்றுவது நம் ஊரில் அரிதான செயல் அல்ல. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி (உச்சிப்புளி): கொத்தனாருக்குக் கொடுக்கும் தாளில் ஆங்கிலக் குறிப்புக்குப் பதிலாகத் தமிழில் எழுத இயலுமா? படிகளுக்கு எண் இடுவது எப்படி?

பதில்: ரெவிட்டில் படிக்கட்டின் அம்புக்குறியைத் தேர்ந்தெடுத்தால், அதன் பண்புகளில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உரிய சொற்களை மாற்றும் கட்டங்கள் உண்டு. 'ஏறு', 'இறங்கு' என்றே எழுதலாம். லதா போன்ற ஒருங்குறி எழுத்துரு அமைந்திருந்தால் போதும். படி எண்ணுக்கு 'அனோட்டேட்' பக்கத்தில் 'ட்ரெட் நம்பர்' என்ற கருவி இருக்கிறது. ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் படிக்கட்டின் டிஸ்பிளே அமைப்பிலேயே 'ரைசர் நம்பரிங்' பக்கம் உள்ளது. வேலைத்தாளில் எண் இருப்பதை நான் வலியுறுத்துவேன், ஏனெனில் பலகை அடிக்கும்போது எத்தனையாவது படியில் லேண்டிங் வருகிறது என்பதே முதல் கேள்வியாக எழும்.

கேள்வி (தேவிபட்டினம்): முதல் தளப் பிளானில், கீழிருந்து ஏறிவரும் படிகள் தெரியவே இல்லை.

பதில்: அந்தத் தளத்தின் சிலாபில் படிக்கட்டுக்கான திறப்பு விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறப்பு இல்லாத சிலாப், கீழுள்ள அனைத்தையும் மறைத்துவிடும். திறப்பு இருந்தும் தெரியவில்லையெனில், ரெவிட்டின் வியூ ரேஞ்சில், எவ்வளவு ஆழம் வரை பிளானில் தெரியும் என்பதைக் குறிக்கும் 'வியூ டெப்த்' அளவைக் கீழிறக்குங்கள்.

கேள்வி (சாயல்குடி): ஆட்டோகேடில் திரையில் புள்ளிக்கோடாகத் தெரிவது, அச்சில் முழுக்கோடாக வருகிறது.

பதில்: புள்ளிக்கோட்டின் இடைவெளி அளவை ஆளும் எல்டி ஸ்கேல், பிஎஸ்எல்டி ஸ்கேல், எம்எஸ்எல்டி ஸ்கேல் ஆகிய மூன்றையும் 1 என்று வைத்து, வரைபடத்தைப் புதுப்பிக்கும் ரீஜென் ஆல் கட்டளையைக் கொடுத்துவிட்டு அச்சிடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): அனுமதிக்கு ஒரு தாள், கொத்தனாருக்கு ஒன்று, வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரர் கைப்பேசியில் பார்க்க ஒன்று. ஒவ்வொரு முறையும் கோடுகளை அணைத்து ஏற்றுவது சலிப்பாக உள்ளது.

பதில்: எந்தக் கோடு தெரிய வேண்டும் என்பதைச் சேமித்து வைக்கும் தொகுப்புகள் இரு மென்பொருள்களிலும் உண்டு. ரெவிட்டில் மூன்று வியூ டெம்பிளேட்டுகளையும், ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரில் மூன்று டிஸ்பிளே கான்ஃபிகரேஷன்களையும் ஒரு முறை அமைத்து, உங்கள் தொடக்கக் கோப்பிலேயே சேமித்து வையுங்கள். அனுமதித் தாளில் படிகளும் அம்புக்குறியும் முறிவுக் குறியும் இருக்கட்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குடியிருப்புகளில் ட்ரெட் (படியில் கால் வைக்கும் பகுதியின் அகலம்) 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் ரைசர் 190 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பதால், அவ்விரு அளவுகளையும் படிக்கட்டின் அருகிலேயே எழுதுங்கள். கொத்தனாரின் தாளில் நோசிங், எண்கள், மேலுள்ள வரம்புக் கோடு ஆகியவை சேரட்டும். வீட்டுக்காரருக்கான தாளில் படிகளும் கைப்பிடியும் அம்பும் போதும்.