பொம்மை கலிலியோ

ஐயா,

குழந்தைகளுக்கான பொம்மலாட்ட நகைச்சுவை ஒன்றில் கலிலியோ தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடிக்கிறார், பைசா கோபுரத்திலிருந்து குண்டை யார் தலையிலோ போடுகிறார். என் ஆறு வயது மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டுக்காவலில் இறந்த மேதையைக் கோமாளியாக்குவது மரியாதைக் குறைவு இல்லையா? அவளைப் பார்க்க விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிக்கட்டும். கலிலியோ ஒன்றும் உம்மணாமூஞ்சி இல்லை. பைசாவில் வாத்தியாராக இருந்தபோது, பேராசிரியர்கள் அங்கி போட்டே திரியவேண்டும் என்ற விதியைக் கிண்டலடித்துக் கவிதையே எழுதியவர். பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்று பாத்திரங்கள் விவாதிக்கிற, 1632இல் வந்த உரையாடல் நூலில், போப்பாண்டவருக்குப் பிடித்த வாதத்தை சிம்ப்ளிச்சியோ என்ற அசட்டுப் பாத்திரத்தின் வாயில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த வருஷம் திருச்சபையின் விசாரணை. சிரிப்பின் விலை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கோபுரக் கதையை விடுங்கள். அது சீடர் விவியானி பின்னாளில் எழுதியது.

என் ஆத்திரம் வேறு. இந்தக் காட்சிகளில் தாடி வருகிறது, குழாய் வருகிறது, முறைக்கிற பாதிரியார் வருகிறார். மனுஷன் எதைப் பார்த்தார் என்பது மட்டும் வருவதில்லை. அதுவோ பொம்மலாட்டத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது! 1610 ஜனவரி 7, பதுவா நகரம். தொலைநோக்கியில் வியாழன் கிரகத்தை ஒட்டி ஒரே வரிசையில் மூன்று புள்ளிகள்: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றுமே மேற்கே. ஒன்பதாம் தேதி மேகம்; எப்படித் துடித்திருப்பார்! பத்தாம் தேதி இரண்டுதான், அதுவும் கிழக்கே. மூன்றாவது வியாழனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று நினைத்தார். பதின்மூன்றாம் தேதி பார்த்தால் நான்கு! ஒரு உருண்டை, கம்பியில் நாலு மணி, திரைக்குப் பின்னால் ஒரு கை, போதும். கண்ணாமூச்சி ஆடும் நாலு நிலாவுக்கு எந்தக் குழந்தை சிரிக்காது? பூமியைச் சுற்றாதவையும் வானத்தில் உண்டு என்கிற பெரிய விஷயம் அந்தச் சிரிப்போடேயே உள்ளே போய்விடும். இதை விட்டுவிட்டுத் தலையில் குண்டு போடுகிறார்கள், சோம்பேறிகள்.

நீங்களும்தான். மரியாதைக்காக இவ்வளவு வருத்தப்படுகிறீர்களே, அவளுக்கு வியாழனைக் காட்டினீர்களா? சாதாரண பைனாகுலரை மொட்டைமாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் நிலாக்கள் தெரியும். என் மகனுக்கு அப்படித்தான் காட்டினேன். “அப்பா, நாலுன்னு சொன்னே, ஒண்ணைக் காணோம்” என்று என்னோடு சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டைக்காகவே காட்டலாம்.

வியாழன் இப்போது எங்கே என்று கைப்பேசிச் செயலியே சொல்லும். முதலில் நீங்கள் பார்த்துவிட்டு அவளிடம் கொடுங்கள். பகலில் பைனாகுலரை எட்டாத இடத்தில் வையுங்கள். தப்பித்தவறிக்கூட அதைச் சூரியன் பக்கம் திருப்பிவிடக் கூடாது.