காணி வழக்கு இருக்கும்போது நற்கருணை எடுக்கலாமா? – திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நற்கருணை, திருவிருந்து, இராப்போசனம், அப்பம் பிட்குதல் என்று எந்தப் பெயரில் கேட்டிருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்: இயேசுவை நினைத்துச் சபையாகக் கூடி அப்பமும் திராட்சைரசமும் எடுப்பது. நான் மெதடிஸ்த சபையில் பிரசங்கம் செய்கிற, ஓய்வுபெற்ற வாத்தி. அம்மா கத்தோலிக்கர். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். சபைக்குச் சபை வேறுபடுகிற இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி: மாஸ்டர், தம்பியோடு காணி வழக்கு நடக்குது. கதைச்சுக் கனகாலம். "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) எடுத்தால் ஆக்கினை என்று பைபிளில் வாசிக்கேக்க பயமாயிருக்கு. திருவிருந்து நாளில் பின்வாங்கில் இருந்துவிடுகிறேன். சரியா?

தங்கச்சி, அந்த வசனத்தை அது எழுதப்பட்ட சூழலோடு வாசியுங்கள். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு அதை எழுதியது கி.பி. 55 அளவில். அங்கே திருவிருந்து ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, சிலர் வெறியேறியும் இருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுலுக்குக் கோபம் வந்தது இதைப் பார்த்துத்தான். பக்கத்தில் இருப்பவனை வெட்கப்படுத்திவிட்டு ஆண்டவருடைய பந்தியில் எப்படி உட்காருவாய் என்பதுதான் அவருடைய கேள்வி. பாவி கிட்டவே வரக்கூடாது என்று அவர் எழுதவில்லை. "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று சொன்ன கையோடு புசிக்கும்படிதான் சொல்கிறார். குற்றமில்லாதவர்கள் மட்டும் வரலாமென்றால், அப்பத்தைப் பிட்கப் போதகரும் இருக்க மாட்டார்.

உங்கள் விஷயத்துக்கு மத்தேயு 5:23-24 நேராகப் பொருந்தும்: காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு. வேலி எங்கே வருவது என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும், அது பாவமில்லை. தம்பியுடைய பிள்ளையின் கலியாணத்துக்குப் போகாமல் விடுவது வேறு கதை. ஒரு தரம் போன் எடுத்துப் பாருங்கள். அவர் வெட்டிவிட்டால் அது அவர் பாடு. நீங்கள் முன்னுக்கு வாருங்கள்.

கத்தோலிக்கராக இருந்தால், சாவான பாவம் என்று மனச்சாட்சி சொல்லுமிடத்தில் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும். அது அவர்களுடைய ஒழுங்கு.

பாலையூற்றிலிருந்து ஒரு தம்பி: எங்களுக்கு அப்பம் மட்டும்தான் தாறவை. உங்களுக்குக் கிண்ணமும் கிடைக்குது. அப்ப எங்களுக்குப் பாதிதானா?

இல்லை, தம்பி. அப்பத்திலும் சரி, இரசத்திலும் சரி, கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பதுதான் உங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. பொதுநிலையினருக்குக் கிண்ணம் இல்லை என்பதை 1415இல் கொன்ஸ்தான்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் சட்டமாக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சில வேளைகளில் இரண்டையும் கொடுக்கிறார்கள்.

கிறிஸ்து அதில் எப்படி இருக்கிறார் என்பதில்தான் சபைகள் பிரிந்தன. அப்பமும் இரசமும் உள்ளியல்பிலேயே மாறுகின்றன என்று கத்தோலிக்க சபை சொல்கிறது. 1529இல் ஜெர்மனியின் மார்பூர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் பதினைந்து விஷயங்களைப் பேசிப் பதினான்கில் ஒத்துப்போனார்கள், நற்கருணையில் அவர் எப்படி இருக்கிறார் என்பதில் மட்டும் முடியவில்லை. மெதடிஸ்தர்களாகிய நாங்கள் அவர் மெய்யாகவே இருக்கிறார் என்கிறோம், எப்படி என்று விளக்கப் போவதில்லை. எனக்கு அது போதும்.

பெயர் போடாத ஓர் அம்மா: வீட்டிலேயே தினமும் அப்பமும் திராட்சைரசமும் எடுத்தால் சீனி வருத்தம் மாறும் என்று ஒருவர் பிரசங்கித்தார். குளிசையை நிறுத்தலாமா?

நிறுத்தவே வேண்டாம், அம்மா. கிளினிக் நாளைத் தவறவிடவும் வேண்டாம். அபாத்திரமாய் எடுப்பதால் உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள் என்று பவுல் கொரிந்தியரைக் கண்டிக்கிற வசனத்தைத் தலைகீழாகப் புரட்டித்தான் இப்படிப் பிரசங்கிக்கிறார்கள். ஒழுங்காக எடுத்தால் நோய் வராது என்று அவர் எங்கும் எழுதவில்லை. அவருக்கே நீங்காத ஒரு முள் மாம்சத்தில் இருந்தது. வியாதிக்காக ஜெபியுங்கள், திருவிருந்தில் ஆறுதலும் தைரியமும் கேளுங்கள். அப்பத்தை மருந்துக் குப்பியாக்குகிற ஆட்களோடு எனக்குப் பொறுமை குறைவு.

ஒரு தங்கை: மாதவிடாய் நாட்களில் எடுக்கலாமா?

எடுக்கலாம். கத்தோலிக்க சபையிலும் எங்கள் சபையிலும் அப்படி ஒரு தடை இல்லை. பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கு இருந்த பெண் தொட்டபோது இயேசு விலகிப்போகவில்லை, "மகளே" என்றார்.

கோணேசர் கோயிலடியிலிருந்து ஒரு நண்பர்: நான் சைவம். நண்பனின் கலியாணப் பூசையில் எல்லோரும் வரிசையாகப் போனார்கள், என்னை மறித்துவிட்டார்கள். எங்கள் பிரசாதத்தை யாருக்கும் கொடுப்போமே?

உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. பிரசாதத்தை யார் கை நீட்டினாலும் வைப்பீர்கள், அது அழகான பழக்கம். நற்கருணையை வாயில் வைப்பதோ, கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்ப்பையும் நம்புகிறேன், இந்தச் சபையோடு சேர்ந்தவன் என்று அறிக்கை செய்வது. நீங்கள் சொல்லாத ஒன்றை உங்களைச் சொல்ல வைப்பது மரியாதையில்லை. மறித்தவர் அதை மெதுவாகக் காதில் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. இன்னொரு தரம் போனால், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னுக்குப் போங்கள். பல ஆலயங்களில் ஆசீர்வாதம் கொடுப்பார்கள்.

இதே கேள்வியைக் கத்தோலிக்கரைக் கட்டிய ஒரு மெதடிஸ்த மருமகளும் அனுப்பியிருந்தார். பிள்ளை, அங்கே வழக்கமாக மற்றச் சபையாருக்குக் கொடுப்பதில்லை, களவாக எடுக்காதீர்கள். எங்கள் மேசை ஆண்டவரை நேசிக்கிற எல்லோருக்கும் திறந்தது. ஆனாலும் கத்தோலிக்கருக்கு எங்களிடம் எடுக்க அவர்களுடைய சட்டம் இடம்கொடாது. ஒரே வீட்டுக்குள் இது நோகும். அதைச் சமாளிக்க என்னிடம் சூத்திரம் இல்லை.

மூதூரிலிருந்து ஓர் அண்ணன்: இத்தனை வருஷமாக எடுக்கிறேன், ஒன்றும் உணரவில்லை. என்னதான் பலன்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், அண்ணை. எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1787இல் வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில் இதே முறைப்பாட்டை எடுத்துப் பதில் சொல்கிறார்: கட்டளை என்பதால் செய். பலன் வரும், நீ உணராமலே நீ பலப்பட்டிருக்கவும் கூடும். உணர்ச்சியை அளவுகோலாக வைத்தால் மழை நாளில் எடுத்த நற்கருணை ஒரு மாதிரியும் நத்தார் இரவில் எடுத்தது இன்னொரு மாதிரியும் தெரியும்.

பலன் என்று சபை சொல்வது பாவமன்னிப்பின் நிச்சயம், கிறிஸ்துவோடு ஐக்கியம், "அவர் வருமளவும்" என்ற நம்பிக்கை. இவற்றைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அவ்வளவாகச் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. எங்கள் கோயிலில் நற்கருணை எடுக்கக் கிராதியடியில் முழங்காலிடும்போது பக்கத்தில் யார் என்று தெரிவுசெய்ய முடியாது. வலைக்கயிறு அறுத்த தழும்போடு ஒரு கை நீளும், அதற்குப் பக்கத்தில் மோதிரம் போட்ட கை. இருவருக்கும் ஒரே அளவு பாண் துண்டு, ஓரம் வெட்டினது. குழாய்த் தண்ணீருக்காகச் சண்டை பிடித்த அயலவரும் அதே வரிசையில் இருப்பார். எழும்பி வந்த பிறகு அவரோடு கதைக்காமல் இருப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிடும். கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் நற்கருணை நம்மை ஏழைகளுக்குக் கடமைப்பட்டவர்களாக்குகிறது என்கிறது. உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று தேடுவதை விட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று பாருங்கள்.

திருக்கடலூரிலிருந்து ஒரு மீனவர்: சனி இரவு கடலுக்குப் போனால் ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான் கரை. என்ன செய்ய?

வர முடியாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பழைய வழக்கம். கி.பி. 155 அளவில் ரோமில் எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், வராதவர்களுக்கு உதவியாளர்கள் எடுத்துச் செல்வதைச் சொல்கிறார். பாதரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். சனி மாலைத் திருப்பலி நடக்கிற ஆலயம் கிட்ட இருந்தால் அதற்குப் போய்விட்டுத் தொழிலுக்குப் போகலாம், ஞாயிறு கடமை அதிலேயே நிறைவேறிவிடும். நற்கருணை எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னிருந்து சாப்பிடாமல் இருந்தால் சரி, தண்ணீர் குடிக்கலாம்.