லூயிஸ் அமைப்புகளை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாதுங்க. லூயிஸ் அமைப்பு என்றால் மூலக்கூறில் அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று புள்ளியும் கோடுமாகக் காட்டும் படம். நீங்கள் பதினோராம் வகுப்பு என்று நினைக்கிறேன். முக்கியமான பத்துப் படங்களை உருப்போட்டால் போதும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பதினோராவது படம் கேட்டால் என்ன செய்வீர்கள்?

நான் படித்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. 2018-ல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததே, அதற்கு முந்தைய காலம். அந்த வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். பிராய்லர் பள்ளி என்று ஊர் சும்மா சொல்லவில்லை. இந்தப் படங்கள் வரும் வேதிப்பிணைப்புப் பாடமோ அந்தப் பிரிக்காத புத்தகத்தில். எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

கோவையில் பி.எஸ்சி. சேர்ந்த பிறகு நானாகத்தான் கற்றுக்கொண்டேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஒரு கோடு என்றால் இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஒரு பிணைப்பு. பெரும்பாலும் ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் எட்டு எலக்ட்ரான் வரவேண்டும், ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டு. கார்பன் டை ஆக்சைடை எடுங்கள். கார்பனின் வெளிக்கூட்டில் 4, இரண்டு ஆக்சிஜனுக்கும் ஆறாறு, மொத்தம் 16 எலக்ட்ரான். கார்பனை நடுவில் வைத்து இருபுறமும் ஒவ்வொரு கோடு போட்டால் 4 செலவு. மீதி 12-ஐ ஆக்சிஜன்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அவற்றுக்கு எட்டு நிறைந்துவிடும், கார்பன் நாலோடு நிற்கும். சரி, ஒவ்வொரு ஆக்சிஜனும் ஒரு ஜோடியைப் பிணைப்புக்கு விடட்டும். இரண்டு இரட்டைப் பிணைப்பு, வேலை முடிந்தது. எதிர்மின் அயனி என்றால் மின்சுமைக்கும் எலக்ட்ரான் கூட்ட வேண்டும்.

அப்படித்தான் கல்லூரித் தேர்வில் நைட்ரேட் அயனிக்கு நைட்ரஜனின் 5, மூன்று ஆக்சிஜனின் 18, மின்சுமைக்கு 1 என்று கூட்டி 24 போட்டேன். இரட்டைப் பிணைப்பை இடப்பக்க ஆக்சிஜனுக்குக் கொடுத்தேன். நோட்ஸில் அது மேலே இருந்ததாம், மதிப்பெண் போச்சு! மூன்றில் எதற்குக் கொடுத்தாலும் சரிதான். உண்மையில் அந்த இரட்டைப் பிணைப்பு ஓரிடத்தில் நிற்காமல் மூன்றுக்கும் பொதுவாகப் பரவியிருப்பதால் மூன்று பிணைப்பும் ஒரே நீளம், உடனிசைவு என்பது அதுதானே? ஆசிரியரிடம் போய்க் கேட்டதற்கு, "நோட்ஸ்ல இருக்கறத எழுது கண்ணு" என்றார்.

இப்போது திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருக்கிறேன். துணி வெளுக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு கேனை வெயிலில் வைக்கக் கூடாது என்று புதிய பையன்களிடம் சொல்லும்போது அதன் லூயிஸ் படத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். 14 எலக்ட்ரான், இரண்டு ஆக்சிஜனுக்கு நடுவே ஒற்றைக் கோடு. அந்தப் பிணைப்பு பலவீனமானது, சூட்டில் சீக்கிரம் சிதையும்.

போரான் ட்ரைஃபுளூரைடில் போரானுக்கு எட்டு எங்கே என்று ஒருத்தர் கட்டாயம் வருவார். தெரியுமுங்க, ஆறுதான். 24 எலக்ட்ரானையும் எண்ணிப் பிரித்துப் போட்டால்தானே அந்த ஆறே கண்ணில் படும்?